வடசென்னையிலிருந்து சென்னை மாரத்தானுக்கு: முதல் தடவை 42.195 கிலோமீட்டர் ஓடுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

இது ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், வியாசர்பாடி, பெரம்பூர், மாதவரம் பக்கம் இருந்துகொண்டு, சென்னை மாரத்தானில் முதல் தடவையாக முழு தூரம் ஓட நினைப்பவர்களுக்கு. நிற்காமல் 10 கிலோமீட்டர் ஓட ஏற்கெனவே முடியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இன்னும் 5 கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்குகிறது என்றால் இந்த ஆண்டு 10 கிலோமீட்டர் பிரிவில் ஓடுங்கள், அடுத்த ஆண்டு இதைப் படியுங்கள்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கால் வலுவில்லாமல் தோற்பதில்லை. செய்ய வேண்டியதை எல்லாம் செய்கிறார்கள், வரிசைதான் மாறிப்போகிறது. மழைக்காலத்தில் நீண்ட ஓட்டத்தைத் தொடங்குவார்கள், கடைசி வாரத்தில் ஷூ வாங்குவார்கள், முதல் 5 கிலோமீட்டரில் பறப்பார்கள். அதனால் கீழே உள்ளதை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. போட்டித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

சென்னை ரன்னர்ஸ் அமைப்பு நடத்தும் இந்த மாரத்தான் வழக்கமாக ஜனவரித் தொடக்கத்தில் வரும். 18 வாரம் பின்னோக்கி எண்ணினால் செப்டம்பர் முதல் வாரம் வரும். பொதுவான பயிற்சி அட்டவணைகளை நம்பினால் அன்று தொடங்கலாம். நம் ஊருக்கு அது சரிப்படாது.

காரணம் எளிது. அட்டவணைப்படி மிக நீண்ட ஓட்டங்கள் நவம்பர் கடைசியிலும் டிசம்பர் முதல் பாதியிலும் விழும். அதுதான் வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் நேரம். 2023இல் மிக்ஜாம் புயல் டிசம்பர் தொடக்கத்தில் வந்தது. 2024இல் ஃபெஞ்சல் நவம்பர் கடைசியில் வந்தது. தண்ணீர் வடிந்து, சேறு காய்ந்து, வீட்டைச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் இரண்டு ஞாயிறு போய்விடும்.

ஆகஸ்ட் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள். அக்டோபர் முடிவதற்குள் ஒரு தடவையாவது 26 கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டும். அப்புறம் மழை இரண்டு வாரத்தைத் தின்றாலும் பதற்றம் இருக்காது.

2. பணம் கட்டும் முன் உடம்பைக் காட்டுங்கள்

35 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், குடும்பத்தில் இள வயதில் மாரடைப்பு வந்தவர்கள் மருத்துவரைப் பார்த்து, ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈசிஜி எடுத்துக்கொள்ளுங்கள். ‘மாரத்தான் ஓடப் போகிறேன்’ என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். வெறும் ‘செக்கப்’ என்று போனால் அவரும் அதற்கேற்ற கேள்விகளை மட்டுமே கேட்பார்.

பதிவை முன்கூட்டியே செய்யுங்கள். முதலில் பதிபவர்களுக்குக் கட்டணம் குறைவாக இருக்கும், டிஷர்ட் அளவும் நினைத்தது கிடைக்கும். பதியும்போதே உங்கள் பிரிவு எங்கே தொடங்குகிறது, எத்தனை மணிக்கு, முடிக்க வேண்டிய நேர வரம்பு எவ்வளவு என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாப் பிரிவும் ஒரே இடத்தில் தொடங்கும் என்று நினைத்துப் போய் நிற்பவர்களை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். முழு மாரத்தான் கடந்த ஆண்டுகளில் நேப்பியர் பாலத்தருகே தொடங்கி தரமணி சிபிடி மைதானத்தில் முடிந்தது. உங்கள் ஆண்டின் அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

3. ஷூவை இப்போதே வாங்குங்கள்

மாலையில் கடைக்குப் போங்கள். அந்த நேரத்தில் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், நீண்ட ஓட்டத்தில் வீங்குவது போலவே. பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் 25 கிலோமீட்டருக்கு மேல் நகம் கறுத்துவிடும்.

ஒரு ஷூ சுமார் 500 முதல் 800 கிலோமீட்டர் தாங்கும். பயிற்சிக்கு மட்டுமே அந்த அளவு போய்விடும் என்பதால், முடிந்தால் அக்டோபர் கடைசியில் அதே மாடலில் இரண்டாவது ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். மழையில் ஒன்று நனைந்தால் காய ஒரு நாளாவது வேண்டும். விலை உயர்ந்த கார்பன் தகடு ஷூ முதல் மாரத்தானுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. அந்தக் காசுக்குச் சாதாரண ஷூ இரண்டு ஜோடியே வாங்கிவிடலாம்.

பருத்தி பனியனும் பருத்தி சாக்ஸும் வேண்டாம். வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலை உரசும்.

4. எங்கே ஓடுவது, எப்போது ஓடுவது

வடசென்னைக்காரர்களுக்கு மாரத்தானில் உண்மையான சிக்கல் இதுதான். அடையாறு பக்கம் இருப்பவர்களைப் போல மரநிழல் தெருக்கள் நமக்குக் கிடையாது. இருக்கிற சாலைகளைப் புரிந்துகொண்டு ஓட வேண்டும்.

எண்ணூர் விரைவுச் சாலையை விட்டுவிடுங்கள். கடல் பக்கத்தில் இருக்கிறது, அகலமாக இருக்கிறது என்று ஆசை வரும். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் விடியற்காலையிலும் வரிசை கட்டி நிற்கும். நின்ற வண்டி நகரும்போது டிரைவருக்கு இடது பக்கம் இருப்பவர் தெரியமாட்டார். புகை வேறு.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய சாலையும் விடியற்காலை 4 மணிக்கு ஓடுவதற்கான இடமில்லை. ஏலம் நடக்கும் நேரம் அது. மீன் கூடையிலிருந்து சொட்டும் தண்ணீரும் உடைத்த ஐஸும் சேர்ந்து தார்ச்சாலையில் ஒரு வழவழப்பான படலம் படியும். தெருவிளக்கு வெளிச்சத்தில் அது சாதாரண ஈரம் போலத்தான் தெரியும், கால் வைத்தால் சறுக்கும். அங்கே போயே ஆக வேண்டும் என்றால் அந்த இடத்தை நடந்து கடந்துவிடுங்கள்.

ஓடத் தகுந்தது திருவொற்றியூர் நெடுஞ்சாலைதான். ஞாயிறு காலை 4 முதல் 6 வரை. தேரடி, டோல்கேட், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை வழியாக ராஜாஜி சாலைக்கு வந்து, நேப்பியர் பாலம் தாண்டி, மெரினா கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பலாம். தண்டையார்பேட்டையிலிருந்து தொடங்கினால் போக வர சுமார் 20 கிலோமீட்டர். தேரடியிலிருந்து என்றால் 30ஐ நெருங்கும். உங்கள் கடிகாரத்தில் அளந்துகொள்ளுங்கள். இந்த வழியில் கூடுதலாக ஒரு வசதியும் உண்டு. பாதையை ஒட்டியே மெட்ரோ போகிறது. கால் ஒத்துழைக்கவில்லை என்றால் அரசினர் தோட்டம் நிலையத்தில் ஏறி விம்கோ நகர் வரை எங்கு வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளலாம். ஒரு உலர்ந்த டிஷர்ட்டை பிளாஸ்டிக் பையில் சுருட்டி எடுத்துப்போங்கள், பக்கத்தில் உட்காருபவர் வாழ்த்துவார்.

பெரம்பூர், கொளத்தூர், மாதவரம் பக்கத்தினர் வார நாட்களில் முரசொலி மாறன் மேம்பாலத்தையோ மூலக்கடை மேம்பாலத்தையோ பயன்படுத்துங்கள். நம் பகுதி முழுக்க சமதளம். ஏற்றம் பழகாத கால், மாரத்தான் பாதையில் வரும் பாலங்களில் தடுமாறும். வாரம் ஒரு நாள், வண்டிகள் வரும் முன், ஏறி இறங்கி ஆறு தடவை போதும். வண்டி வரும் திசையைப் பார்த்தபடி ஓரமாக ஓடுங்கள். பிரதிபலிக்கும் பட்டை உள்ள சட்டை அவசியம்.

தெருநாய் துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, திரும்பி, மெதுவாக நடந்து விலகுங்கள். கடித்துவிட்டால், அல்லது பல் படாமல் வெறும் கீறல்தான் என்றாலும், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மாரத்தானா, ஊசியா என்று யோசிக்கும் விஷயம் இல்லை இது.

பெண்கள் தனியாக 4 மணிக்குக் கிளம்ப வேண்டாம் என்று சொல்வது சுலபம். அதைவிட உருப்படியான வழி, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரே தெருமுனையில் கிளம்புவது, போகும் பாதையை வீட்டில் ஒருவருக்கு நேரலையாகப் பகிர்வது, கழிப்பறை எங்கே திறந்திருக்கும் என்று முந்தைய வாரமே பார்த்து வைப்பது.

5. லாங் ரன் (வாரத்தின் நீண்ட ஓட்டம்): மெதுவாக ஓடத் தெரிய வேண்டும்

வாரத்துக்கு நான்கு நாள் போதும். மூன்று நாள் 5 முதல் 10 கிலோமீட்டர், ஞாயிறு லாங் ரன். ஞாயிறு தூரத்தை 10, 12, 14 என்று மூன்று வாரம் ஏற்றி, நான்காவது வாரம் 10க்கு இறக்குங்கள். அடுத்து 16, 18, 20, பிறகு 14. இப்படி ஏறி இறங்கி 28 அல்லது 30 வரை. இறக்கும் வாரத்தை ‘வீண்’ என்று தாண்டிக் குதிப்பவர்களுக்குத்தான் முழங்கால் வலியும், அதற்குக் கீழே முன்பக்க எலும்பு வலியும் வருகிறது. மூச்சு சீக்கிரம் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் தாமதமாகவே பழகும், அவற்றுக்கான வாரம் அது.

பயிற்சியில் 42 ஓடிப் பார்க்கத் தேவையில்லை. 30 முதல் 32 கிலோமீட்டர், அல்லது மூன்றரை மணி நேரம், இவற்றில் எது முதலில் வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் ஓடினால் கிடைக்கும் பலனைவிட ஆறுவதற்கு ஆகும் நாட்கள் அதிகம்.

பேஸ், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு எடுக்கும் நேரம்தான் எல்லோரும் இடறும் இடம். 10 கிலோமீட்டரை 60 நிமிடத்தில் முடிப்பவர், அதாவது கிலோமீட்டருக்கு 6 நிமிடம் ஓடுபவர், லாங் ரன்னில் 7 முதல் 7:30 வரை போக வேண்டும். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. ‘இவ்ளோ மெதுவா ஓடினா எப்படிண்ணா’ என்று கேட்காத தம்பி இல்லை. மெதுவாக ஓடும்போதுதான் உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகுகிறது. தசையில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை முழு வேகத்தில் 30 கிலோமீட்டரைத் தாண்டி வராது. அதன் பிறகு காப்பாற்றப்போவது இந்தப் பழக்கமும், வழியில் சாப்பிடுவதும்தான்.

அதே 60 நிமிடக்காரருக்கு வழக்கமான கணக்கு முழு மாரத்தானை 4 மணி 36 நிமிடம் என்று காட்டும். சென்னை ஈரப்பதத்தில், முதல் தடவை, 5 மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நியாயம். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் ஓடினால் 4 மணி 55 நிமிடத்தில் முடியும்.

6. மழை வாரங்களில்

தேங்கிய தண்ணீரில் ஓடாதீர்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை பக்கம் முழங்கால் தண்ணீருக்குக் கீழே மூடி திறந்த சாக்கடை இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. காலில் சின்ன வெட்டு இருந்தால் எலிக்காய்ச்சல் ஆபத்தும் சேரும்.

தூறல் என்றால் ஓடலாம். காலில் வாஸ்லின் தடவி, தொப்பி போட்டுக்கொண்டு போங்கள். கொட்டும் மழை என்றால் மாடிப்படி. அடுக்குமாடிக் குடியிருப்பில் 40 நிமிடம் ஏறி இறங்குவது ஒரு வார நாள் ஓட்டத்துக்குச் சமம் என்றே எடுத்துக்கொள்கிறேன். தவறிப்போன லாங் ரன்னை அடுத்த வாரம் சேர்த்து ஓடி ‘கடன் அடைக்க’ வேண்டாம். விட்டது விட்டதுதான், அட்டவணையில் அடுத்த வரியைப் பாருங்கள்.

7. சாப்பாடு, தண்ணீர், உப்பு

20 கிலோமீட்டரைத் தாண்டும் ஒவ்வொரு பயிற்சியிலும் போட்டியன்று என்ன சாப்பிடப் போகிறீர்களோ அதையே சாப்பிடுங்கள். வயிறும் பழக வேண்டிய உறுப்பு.

ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. ஓட்டக்காரர்கள் வழியில் பிழிந்து சாப்பிடும் எனர்ஜி ஜெல் ஒன்றில் சுமார் 20 முதல் 25 கிராம் இருக்கும். முதல் 45 நிமிடத்தில் ஒன்று, பிறகு 40 நிமிடத்துக்கு ஒன்று என்று வையுங்கள். ஜெல் பிடிக்காதவர்களுக்குப் பேரீச்சம்பழம், சின்ன வாழைப்பழம். கடலைமிட்டாய் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு செரிக்க நேரமாகும், பல்லிலும் ஒட்டும்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. தாகத்தை மதிக்காமல் போகிறவர் ஒரு பக்கம். ஒவ்வொரு மேசையிலும் இரண்டு கிளாஸ் வெறும் தண்ணீரைக் குடித்து, ரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைசுற்றி வாந்தி எடுப்பவர் இன்னொரு பக்கம். தாகத்துக்குக் குடியுங்கள், மாற்றி மாற்றி ஓஆர்எஸ் எடுங்கள். வீட்டிலேயே கலக்க, 1 லிட்டர் தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கண்ணளவில் போடாதீர்கள்.

எவ்வளவு வியர்க்கிறது என்று தெரிய, ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். நடுவில் எதுவும் குடிக்கவில்லை என்றால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் சுமார் 1 லிட்டர் வியர்வை.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். உடம்பில் நீர் குறைந்த நேரத்தில் ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

8. கடைசி மூன்று வாரம்

கடைசி லாங் ரன்னுக்கும் போட்டிக்கும் மூன்று வாரம் இடைவெளி. அதன் பிறகு தூரத்தை ஒவ்வொரு வாரமும் குறைத்துக்கொண்டே வாருங்கள். நாட்களைக் குறைக்காமல் ஒவ்வொரு நாளின் தூரத்தைக் குறையுங்கள். கால் துறுதுறுக்கும், ‘ஒரு 25 ஓடிப் பார்த்துடலாமா’ என்று தோன்றும். வேண்டாம்.

பிப் (மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) வாங்க அடையாள அட்டையோடு போட்டிக்கு முந்தைய நாட்களிலேயே போய்விடுங்கள். போட்டியன்று தருவார்கள் என்று நம்பாதீர்கள். நேரத்தைப் பதியும் சிப் பிப்பிலேயே இருக்கும், அதை மடிக்கக் கூடாது. பின்பக்கம் ரத்த வகை, அவசர எண் எழுதுங்கள். பிப் தரும் எக்ஸ்போ கண்காட்சிக் கடைகளில் சுற்றி மூன்று மணி நேரம் நிற்க வேண்டாம், அங்கே பார்த்துப் பிடித்துப்போன புது சாக்ஸைப் போட்டியன்று போடவும் வேண்டாம்.

போட்டிக்கு முதல் நாள் மதியம் நன்றாகச் சாப்பிடுங்கள். இரவு 7 மணிக்குள் ரசம் சோறு அல்லது இட்லி. பாரிமுனைப் பக்கம் போனதோடு அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்டுவிட்டு வருவது எல்லாம் ஓட்டம் முடிந்த பிறகு.

9. ஸ்டார்ட்டுக்குப் போய்ச் சேர்வது

4 மணிக்குத் தொடக்கம் என்றால் 3:15க்கு அங்கே இருக்க வேண்டும். பையை ஒப்படைக்க, கழிப்பறை வரிசையில் நிற்க, உடம்பைச் சூடாக்க அவ்வளவு நேரம் ஆகும். அதனால் 1:45க்கு எழுந்து, 2 மணிக்கு இரண்டு மூன்று இட்லி சர்க்கரை தொட்டோ, ரொட்டி ஜாமோ சாப்பிடுங்கள்.

சில ஆண்டுகளில் ஓட்டக்காரர்களுக்காக மெட்ரோ வழக்கத்தைவிட முன்னதாகவே ஓடியிருக்கிறது. அறிவிப்பு வந்ததா என்று முந்தைய நாள் பாருங்கள், ஆனால் அதை மட்டுமே நம்பாதீர்கள். ஒரே தெருவில் இருப்பவர்கள் சேர்ந்து, தெரிந்த ஆட்டோக்காரரிடம் முன்பே பேசி வையுங்கள். செயலியில் அந்த நேரத்தில் வண்டி கிடைக்கும் என்று காத்திருந்தவர்கள் ராயபுரத்திலிருந்து நேப்பியர் பாலம் வரைக்கும் ஓடியே வந்ததைப் பார்த்திருக்கிறேன். அது கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர், மொத்தக் கணக்கில் 47. பைக்கில் போய் அங்கே நிறுத்துவதும் சரியில்லை. முடியும் இடம் தரமணி, தொடங்கும் இடத்துக்குத் திரும்பி வரக் கால் இருக்காது.

10. ஓட்டம்

முதல் 5 கிலோமீட்டரைத் திட்டமிட்ட பேஸைவிட 15 விநாடி மெதுவாக ஓடுங்கள். 7:00 திட்டம் என்றால் 7:15. எல்லோரும் தாண்டிப் போவார்கள், போகட்டும். 2023 அக்டோபரில் சிகாகோவில் கெல்வின் கிப்டும் 2:00:35 என்று உலக சாதனை ஓடியபோது முதல் பாதி 1:00:48, இரண்டாம் பாதி 59:47. அன்று உலக சாதனை படைத்தவரே பின்பாதிக்கு மிச்சம் வைத்திருந்தார்.

ஜனவரித் தொடக்கத்தில் சென்னையில் சூரியன் 6:30 வாக்கில் உதிக்கும். 4 மணிக்குத் தொடங்கி 7 நிமிட பேஸில் போனால் அப்போது 21 கிலோமீட்டரைத் தாண்டியிருப்பீர்கள். அதாவது கடினமான பாதி முழுவதும் வெயிலில். இருட்டில் குளுகுளுவென்று இருக்கிறதே என்று வேகம் எடுத்தவர்கள் இங்கேதான் அதற்கு விலை கொடுப்பார்கள்.

தண்ணீர் மேசை வரும்போது நடந்து குடியுங்கள், 30 விநாடி. முதல் மேசையிலிருந்தே செய்யுங்கள். 28இல் களைத்த பிறகு நடக்க ஆரம்பித்தால் திரும்ப ஓடுவது கஷ்டம்.

கெண்டைக்கால் இழுத்தால் நின்று நீட்டிவிட்டு மெதுவாகத் தொடரலாம். ஆனால் வியர்வை நின்று உடம்பு கொதித்தால், நெஞ்சு அழுத்தினால், பேச்சு குழறினால், எத்தனை கிலோமீட்டர் மிச்சம் என்று பார்க்காமல் நின்று தன்னார்வலரைக் கூப்பிடுங்கள்.

11. வீட்டார் பின்தொடர்வது

குடும்பம் ஸ்டார்ட்டுக்கு வர வேண்டாம். இருட்டில் கூட்டத்தில் உங்களைக் கண்டுபிடிக்க முடியாது, பிறகு சாலை மூடப்பட்டு அவர்களும் மாட்டிக்கொள்வார்கள். நிதானமாக எழுந்து, 32 கிலோமீட்டருக்குப் பிறகு ஒரு இடத்திலோ முடியும் இடத்திலோ நிற்கட்டும். உங்களுக்கு முகம் தேவைப்படுவது அங்கேதான்.

காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். 4 மணி தொடக்கம், 7 நிமிட பேஸ் என்றால் 32ஆவது கிலோமீட்டர் 7:44, 36ஆவது 8:12, முடிவு 8:55. எல்லாவற்றிலும் கால் மணி நேரம் தாமதம் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். போட்டியின் டிராக்கிங் வசதியில் பிப் எண்ணைப் போட்டால், சாலையில் விரித்திருக்கும், சிப்பைப் பதியும் பாயைத் தாண்டும்போது மட்டுமே நேரம் மாறும். இரண்டு பாய்களுக்கு நடுவில் அரை மணி நேரம் எதுவும் அசையாது. அது தெரியாமல் அம்மாக்கள் பயந்து போன் மேல் போன் போடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எந்தப் பக்கம், எந்தக் கடை வாசலில் நிற்பார்கள் என்பதையும் பேசி வைத்துவிடுங்கள். நீங்கள் தேடிக்கொண்டு ஓடக் கூடாது.

12. முடித்த பிறகு

கோட்டைத் தாண்டியதும் உட்காராதீர்கள், 10 நிமிடம் நடங்கள். சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். ஓஆர்எஸ், அரை மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பாடு, உலர்ந்த சட்டை.

வீடு திரும்ப, பக்கத்தில் உள்ள பறக்கும் ரயில் நிலையத்தில் ஏறி கடற்கரை நிலையம் வந்து, அங்கிருந்து ராயபுரம், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் போகும் புறநகர் ரயிலைப் பிடிக்கலாம். ஞாயிறு ரயில்கள் குறைவு என்பதால் நேரத்தைப் பார்த்து வையுங்கள். படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏறுவதைவிட இறங்குவதுதான் வலிக்கும்.

இரண்டு நாளுக்குத் தொடை இறுகியிருக்கும், அது இயல்பு. சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனாலோ, ஒரே இடத்தில் எலும்பு வலித்தாலோ மருத்துவரிடம் போங்கள். ஒரு வாரம் நடை மட்டும். இரண்டாவது வாரம் 3 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர் என்று மெதுவாகத் தொடங்கலாம். ஷூவைத் துவைத்து, உள்ளே செய்தித்தாள் திணித்து நிழலில் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் பசை விட்டுவிடும்.